‘யூரின் போகுது’ என்று எழுதிவிட்டுப் போன நாள்: அறுவைக்குப் பிறகு நீர் தேங்கிய ஒரு நோயாளி

அறுவை சிகிச்சை வார்டில் சிறுநீர் டியூப் எடுத்த ஒவ்வொருவரிடமும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "யூரின் போச்சா?" என்பதுதான். "போச்சு சிஸ்டர்" என்று பதில் வந்தால் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். பல வருஷம் நானும் அப்படித்தான் போயிருக்கிறேன். இந்த நோயாளியின் ஷீட்டில் அந்த வரியை எழுதியதும் நான்தான். அன்று நள்ளிரவு தாண்டியபோது அவருடைய சிறுநீர்ப்பையில் ஒரு லிட்டருக்கு மேல் நீர் தேங்கிக் கிடந்தது. அவருடைய சம்மதத்தோடு, ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

நோயாளி

வயது 68. வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்காகச் சேர்ந்தார். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எடுத்து வந்தார், சர்க்கரை இல்லை. இதயப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தன. அறுவைக்கு முந்தைய படிவத்தில் சிறுநீர்த் தொந்தரவு என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது.

அந்த ‘இல்லை’ பொய்யும் அல்ல. "யூரின் போறதுல ஏதாவது பிரச்சினை உண்டா ஐயா?" என்று கேட்டிருப்பார்கள், அவரும் இல்லை என்றிருப்பார். ராத்திரியில் மூன்று தடவை எழுந்து போவது, தாரை மெலிந்துபோனது, நின்ற பிறகு ஆரம்பிக்க அரை நிமிஷம் ஆவது, முடித்து வந்த பிறகும் உள்ளாடையில் சில சொட்டு இறங்குவது, இதெல்லாம் வயசானால் வருவது என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார். நான்கைந்து வருஷமாக மெதுவாக வந்த மாற்றம் என்பதால் அவருக்கு அது பிரச்சினையாகவே படவில்லை. பிற்பாடு புராஸ்டேட் அறிகுறிகளுக்கான ஏழு கேள்விகளையும் உட்கார்ந்து கேட்டோம். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 35. 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. அவருக்கு 17 வந்தது. கேட்டு முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அறுவைக்கு முன்னால் அந்த ஐந்து நிமிஷம் கிடைத்திருந்தால் பின்னால் நடந்த பலவற்றுக்கு நாங்கள் தயாராக இருந்திருப்போம்.

அறுவை நாளும் மறுநாளும்

காலை 8 மணிக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். புபிவகைன் என்ற மரப்பு மருந்தோடு, வலி நீண்ட நேரம் அடங்கியிருக்க மிகச் சிறிய அளவு மார்ஃபினும் சேர்த்தார்கள். இரண்டு மணி நேர அறுவை. டிரிப்ஸில் 2 லிட்டர் ஏறியது. மேஜையிலேயே 16ஆம் எண் கதீட்டர், அதாவது சிறுநீர் டியூப், போட்டார்கள். இந்த எண்ணை மூன்றால் வகுத்தால் டியூபின் வெளி விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும், அதாவது ஐந்துக்குக் கொஞ்சம் மேல். உள்ளே நழுவாமல் பிடித்துக்கொள்ளும் சின்ன பலூனில் 10 மில்லி கிருமி நீக்கிய தண்ணீர். உப்புநீர் ஏற்றுவதில்லை, உப்பு படிந்து எடுக்கும்போது பலூன் சுருங்காமல் போகலாம் என்பதால்.

மறுநாளே டியூபை எடுத்திருக்கலாம். "நாளைக்கு எழுந்து நிற்க வச்சுட்டு எடுத்துக்கலாம்" என்று ஒரு நாள் தள்ளிப்போனது. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடிக்கொண்டே போகிறது. அதனால் தேவை முடிந்த உடனே எடுத்துவிடுவதுதான் முறை. இவருக்கு நல்லவேளையாகத் தொற்று வரவில்லை.

அன்று சாயங்காலம் அவருடைய மகள் என்னிடம் கேட்டார்: "சிஸ்டர், எடுக்கறதுக்கு முன்னாடி டியூபை அப்பப்போ மூடித் திறந்து பழக்கணும்னு சொல்றாங்களே, செய்ய வேண்டாமா?" இந்தக் கேள்வி அடிக்கடி வரும். சில நாள் மட்டும் இருந்த டியூபுக்கு அப்படிப் பழக்குவதால் பலன் இல்லை, நீர் தேங்கி வலிக்கத்தான் செய்யும். வேண்டாம் என்றேன்.

இரண்டாம் நாள் பகல்

காலை 6 மணிக்கு டியூபை எடுத்தேன். பலூன் தண்ணீர் முழுசாக வந்ததா என்று சிரிஞ்சில் பார்த்துவிட்டு, மூச்சை மெதுவாக விடச் சொல்லி உருவினேன். கொஞ்சம் எரிச்சல் இருக்கும், ஓரிரு நாளில் போய்விடும், தண்ணீர் குடியுங்கள், யூரினலில் பிடித்து வையுங்கள், அளக்க வேண்டும் என்று சொன்னேன்.

8.30க்கு 120 மில்லி போனார். அப்புறம் 60, 50, 40. ஷிப்ட் முடியும்போது, "டியூப் எடுத்தாச்சு, யூரின் போகுது, 4 தடவை" என்று எழுதி ஒப்படைத்தேன். வாயால் சொன்னதும் அதேதான். அடுத்த ஷிப்ட்டில் இன்னும் ஏழு தடவை, ஒவ்வொன்றும் 40 மில்லிக்குப் பக்கத்தில். அதற்குள் அவர் அடிக்கடி போகிறார் என்ற பேச்சுதான் வார்டில் இருந்தது. டியூப் எடுத்த பிறகு அடிக்கடி வருவது வழக்கம்தானே என்று விட்டுவிட்டோம்.

ஷிப்ட் முடிந்து நான் கிளம்பும்போது அவர் ஒரு வார்த்தை சொன்னார்: "போகுது சிஸ்டர். ஆனா போன மாதிரியே இல்லை." இன்னைக்குத்தானே எடுத்தோம், போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று அந்தக் கட்டிலில் நடந்ததை அவரைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை.

அந்த ஷீட்டை இப்போது எடுத்துப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. ஒரு பக்கம் உள்ளே போனது: டிரிப்ஸ் 500, வாய்வழியாக 1,700, ஆக இரவு 9 மணிவரை 2,200 மில்லி. இன்னொரு பக்கம் வெளியே வந்தது: 11 தடவையும் சேர்த்து 550. இரண்டும் ஒரே தாளில், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில், எங்கள் கையெழுத்திலேயே இருக்கின்றன. கழித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வியர்வை, மூச்சு என்று எவ்வளவு விட்டாலும் மீதி எங்கே என்று கேட்டிருக்க வேண்டும்.

நிரம்பிய சிறுநீர்ப்பையிலிருந்து இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வருவதை வழிதல் என்பார்கள். பை நன்றாகச் சுருங்கி நீரைத் தள்ளுவதில்லை. உள்ளே அழுத்தம் ஏறி, தாங்காத அளவு மட்டும் மேலே வழிகிறது. அடிக்கடி, கொஞ்சமாக, போயும் தீராத உணர்வோடு. பார்க்கிறவருக்கு ‘யூரின் போகுது’ என்றுதான் தெரியும்.

அந்த இரவு

இரவு 10 மணிக்கு வலி என்று முனகினார். டிரமடால் இன்னொரு ஊசி போட்டார்கள். 11 மணிக்கு மேல் போர்வையை இழுத்து இழுத்துப் போட்டார், கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார், மகளை வேறு பெயரில் கூப்பிட்டார். ரத்த அழுத்தம் 178/96, நாடித் துடிப்பு 104. காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன் அளவு சரி. வயதானவருக்கு அறுவைக்குப் பிறகு வரும் மனக்குழப்பம், தூக்கத்துக்கு ஏதாவது கொடுக்கலாமா என்று பேச்சு போயிருக்கிறது.

அதை நிறுத்தியது மகள்தான். "சிஸ்டர், படுக்கை நனைஞ்சுகிட்டே இருக்கு. ஆனா அப்பா வயிறு பாருங்க, கீழே கல்லு மாதிரி இருக்கு" என்றார். இரவு ஷிப்ட்டில் இருந்த மூத்த செவிலியர் போர்வையை விலக்கி, தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தார். தேங்காய் அளவுக்கு உருண்டையாக, கெட்டியாக ஒன்று. விரலால் தட்டினால் மந்தமான சத்தம். கொஞ்சம் அழுத்தியதும் அந்த மனுஷர் அவர் கையைத் தட்டிவிட்டார்.

கையடக்க ஸ்கேன் கருவி வந்து ஜெல் தடவி வைத்தபோது திரையில் 999க்கு மேல் என்று காட்டியது. அந்தக் கருவி அதற்கு மேல் எண் காட்டாது. சாதாரணமாகப் பெரியவர்களின் பை 400, 500 மில்லி பிடிக்கும். 150, 200 ஆகும்போதே லேசாக வருகிற மாதிரி இருக்கும்.

மரப்பு ஜெல் போட்டு, ஐந்து நிமிஷம் பொறுத்து, 16ஆம் எண் டியூப் மறுபடியும். புராஸ்டேட் இருக்கும் இடத்தில் கொஞ்சம் தடை இருந்தது. தள்ளாமல், அவரை மெதுவாக மூச்சுவிடச் சொல்லிக் காத்திருந்ததும் உள்ளே போய்விட்டது. பத்து நிமிஷத்தில் 1,100 மில்லி இறங்கியது. பாதியில் கிளாம்ப் போட்டு நிறுத்தி நிறுத்தி இறக்க வேண்டும் என்று எங்களுக்குப் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிச் செய்வதால் கூடுதல் பாதுகாப்பு கிடைப்பதாகப் பின்னால் வந்த ஆய்வுகளில் தெரியவில்லை, ஒரேயடியாக இறக்கிவிட்டு நோயாளியைக் கவனித்தால் போதும். கடைசியில் வந்த நீர் லேசான ரோஜா நிறமாக இருந்தது. விரிந்திருந்த பை சட்டென்று சுருங்கும்போது உட்சுவரின் மெல்லிய ரத்தக்குழாய்கள் கசிவதால் வருவது. காலைக்குள் தெளிந்துவிட்டது.

இருபது நிமிஷத்தில் ரத்த அழுத்தம் 142/84. அவர் தூங்கிவிட்டார். தூக்க மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. காலையில் மகளைச் சரியான பெயரில் கூப்பிட்டு, ராத்திரி என்ன நடந்தது என்று கேட்டார். வயதானவர்கள் அறுவைக்குப் பிறகு திடீரெனக் குழம்பினால், மூளையைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் யோசிப்பதற்கு முன் அடிவயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும். பை முட்டி வலிப்பதை அவர்களால் பல நேரம் வலி என்று சொல்லத் தெரிவதில்லை.

இவ்வளவு நீர் அடைந்து இறங்கிய பிறகு சிறுநீரகம் சில மணி நேரம் அளவுக்கு மீறி நீரை வெளியேற்றுவதுண்டு. மணிக்கு 200 மில்லிக்கு மேல் தொடர்ந்து போனால் உப்புச் சத்துகள் குறைந்து ஆபத்தாகலாம். அதனால் மணிக்கு மணி அளந்தார்கள். முதல் மணியில் 210, அடுத்து 160, அப்புறம் 100க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் 1.4 இருந்து இரண்டு நாளில் 1.0க்கு இறங்கியது. சிறுநீர்க் கல்ச்சரில் கிருமி வளரவில்லை.

எதனால்?

முதுகில் போட்ட ஊசியின் மேல் பழியைப் போடுவது சுலபம். குடும்பத்தாரும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். பையைச் சுருக்கும் நரம்புகள் முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் எஸ்2 முதல் எஸ்4 வரையுள்ள இடத்திலிருந்து வருகின்றன. ஊசி போட்ட ஒரு நிமிஷத்துக்குள் யூரின் முட்டுகிற உணர்வு போய்விடும். கால் அசைய ஆரம்பித்த பிறகும் பை சுருங்கும் வலு திரும்ப இன்னும் நேரம் எடுக்கும். புபிவகைன் என்றால் ஏழெட்டு மணி நேரம்கூட ஆகலாம். மார்ஃபின் சேர்த்திருந்தால் அதன் பாதிப்பு ஏறக்குறைய ஒரு நாள் நிற்கும். இவருக்கு டியூப் எடுத்ததோ ஊசி போட்டு 46 மணி நேரம் கழித்து. அதனால் ஊசி மட்டும் காரணமாக இருக்க முடியாது.

என் கணிப்பில் நான்கைந்து சின்ன விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. அடியில் இருந்தது புராஸ்டேட். ஸ்கேனில் அதன் அளவு 46 கிராம், வழக்கமாக 20, 25 தான் இருக்கும். பல வருஷமாகக் குறுகிய வழியில் நீரைத் தள்ளித் தள்ளிச் சமாளித்த பை, அறுவை வரும்வரை ஏதோ ஈடுகொடுத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் டிரமடால் வந்தது. மார்ஃபின், டிரமடால் வகையறா முட்டுகிற உணர்வையும் மங்கச் செய்யும், சுவர்த் தசை சுருங்குவதையும் தளர்த்தும். வலி என்று முனகியவருக்கு இரவு 10 மணிக்குப் போட்ட ஊசி, தேங்கியதை இன்னும் தேங்க வைத்தது.

மூன்றாவதைக் கண்டுபிடித்தது தற்செயலாக. மறுநாள் அலமாரியைத் துடைக்கும்போது பாதி தீர்ந்த சளி மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. மூக்கு ஒழுகுகிறது என்று வீட்டிலிருந்து கொண்டுவந்து முதல் நாள் இரவும் இரண்டாம் நாள் மதியமும் கொடுத்திருக்கிறார்கள். அதில் குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் இருந்தன. முன்னது பையின் தசையைத் தளர்த்தும், பின்னது பையின் கழுத்தையும் புராஸ்டேட்டையும் இறுக்கும். புராஸ்டேட் பெரிதான ஒருவருக்கு நீரை அடைக்க இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது. மகள் அழுதுவிட்டார். "சாதாரண சளி மாத்திரைதானே சிஸ்டர், சொல்லணும்னே தோணலை" என்றார். அவருக்கு எப்படித் தெரியும்? வேறு மாத்திரை ஏதாவது கொடுக்கிறீர்களா என்று நாங்களும் கேட்கவில்லையே.

மூன்று நாளாக மலம் போகவில்லை. மலக்குடல் நிறைந்திருந்தால் முன்னால் இருக்கும் பையின் கழுத்தை அழுத்தும். அதோடு, அன்று முழுக்க அவர் படுத்த நிலையில், திரைக்கு அந்தப் பக்கம் ஆட்கள் பேசிக்கொண்டிருக்க, யூரினலில் போக முயன்றிருக்கிறார். வாழ்நாள் முழுக்க நின்றே போன மனுஷர். அவரை வாக்கர் பிடித்து எழுந்து நிற்க வைத்ததே அன்று சாயங்காலம்தான்.

சிகிச்சையும் வீடும்

டியூப் ஒரு வாரம் இருக்கட்டும் என்று முடிவானது. அவ்வளவு விரிந்த தசை இழுத்துவிட்ட ரப்பர் மாதிரி தொய்ந்திருக்கும், மறுபடி பிடிப்பு வரக் கொஞ்ச காலம் ஓய்வு வேண்டும். டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் தினம் இரவில் ஆரம்பித்தார்கள். இது பையின் கழுத்தையும் புராஸ்டேட்டையும் தளர்த்தும், பலன் தெரிய இரண்டு மூன்று நாளாவது ஆகும். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென இறங்கலாம். புது மூட்டோடு வாக்கரில் நடக்கிறவர் என்பதால் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டே இருந்தோம். டிரமடாலை நிறுத்திப் பாராசிட்டமாலும் ஐஸ் ஒத்தடமும். சளி மாத்திரை நிறுத்தம். மலம் இளக மருந்து.

ஐந்தாம் நாள் டியூபோடு வீட்டுக்குப் போனார். ஏழாம் நாள் போன் வந்தது: "டியூபுக்குப் பக்கத்துல கசியுது, பைல ஒண்ணும் வரலை, அடிவயிறு இழுத்துப் பிடிக்குது." இந்த மாதிரி நேரத்தில் டியூப் சின்னதாக இருக்கிறது, பெரிது போட வேண்டும் என்று பலர் ஓடிவருவார்கள். முதலில் டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா பாருங்கள் என்றேன். முழங்காலுக்குக் கீழே வைத்த தலையணைக்கும் தொடைக்கும் நடுவில் நசுங்கியிருந்தது. எடுத்துவிட்டதும் போன் பேசிக்கொண்டிருக்கும்போதே 300 மில்லி பையில் இறங்கிவிட்டது. நீர் சேரும் அந்தப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது, டியூபைத் தொடையில் ஒட்டி நிறுத்த வேண்டும், இழுபடக்கூடாது. மடங்காமலும் வராமல் போனால்தான் அடைப்பு. அப்போது காத்திருக்காமல் வந்துவிட வேண்டும்.

ஒன்பதாம் நாள் மறுபடி சோதனை. இந்தத் தடவை முறையாகச் செய்தோம். டியூப் வழியாகவே கிருமி நீக்கிய உப்புநீர் 300 மில்லியை மெதுவாக ஏற்றி, முட்டுகிறது என்று அவர் சொன்னதும் டியூபை எடுத்து, கதவைச் சாத்தி, தனியாக நிற்க விட்டோம். ஏற்றியதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 200 மில்லியாவது போனால் வெற்றி. 110 தான் போனார். ஸ்கேனில் மிச்சம் 195. முகம் வாடிவிட்டது.

இனி இரண்டு வழி. மறுபடி டியூப், அல்லது தானே ஒரு மெல்லிய டியூபை ஒரு நாளைக்கு நான்கு தடவை போட்டு மிச்ச நீரை எடுத்துவிட்டு உடனே உருவிவிடுவது. இரண்டாவதைச் சொன்னதும் அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "நானே எனக்கா?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

இதைச் சுத்தமான இடைவிட்ட கதீட்டர் முறை என்போம். 1972இல் அமெரிக்க சிறுநீரியல் மருத்துவர் ஜாக் லாபிடஸ் இதை வெளியிட்டபோது, அறுவை அரங்குச் சுத்தம் இல்லாமல் வீட்டில் கையைக் கழுவிவிட்டுப் போட்டால் போதுமா என்று பலர் எதிர்த்தார்கள். அவருடைய வாதம் எளிமையானது. பை அளவுக்கு மீறி விரிந்தால் சுவருக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, கிருமியை எதிர்க்கும் வலுவும் குறைகிறது. நேரத்துக்கு நேரம் காலி செய்துவிட்டால் அந்த வலு குறையாமல் இருக்கும். அவர் சொன்னதுதான் நிலைத்தது.

நான் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொடுத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முதலில் தானாகப் போக முடிந்த அளவு போக வேண்டும். உறுப்பை மேல்நோக்கி நிமிர்த்திப் பிடித்தால் உள்வளைவு நேராகும். 12ஆம் எண் டியூபில் ஜெல் தடவி மெதுவாகச் செலுத்த வேண்டும். முக்கால்வாசி போனதும் ஒரு இடத்தில் தடுக்கும். அங்கே தள்ளக்கூடாது, ஒரு இருமல் இருமி, மூச்சை விட்டு, சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் வழி விடும். நீர் வந்த பிறகு இன்னும் ஓர் அங்குலம். நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தால் அடியில் இருப்பதும் வந்துவிடும். முதல் தடவை அவர் கை நடுங்கியது. மூன்றாம் தடவை, "இவ்வளவுதானா?" என்றார்.

ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டுக் கொடுத்தேன்: தானாகப் போனது, டியூபில் வந்தது. முதல் நாள் 80, 260. ஐந்தாம் நாள் 140, 200. பதினோராம் நாள் 220, 120. பதினேழாம் நாள் 270, 60. மிச்சம் 100க்குக் கீழே வர வர நான்கு தடவையை இரண்டாக்கி, ஒன்றாக்கி, நிறுத்தினோம். நடுவில் ஒரு நாள் நீர் கலங்கலாக வந்தது. காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, இடுப்பு வலி இல்லை. ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று மகள் கேட்டார். இந்த முறையில் நீரில் கிருமி காணப்படுவது சகஜம், தொந்தரவு இல்லாதபோது மருந்து கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும். புது மூட்டு என்பதால் மூட்டு மருத்துவரையும் கேட்டுக்கொண்டோம், அவரும் வேண்டாம் என்றார். இரண்டு நாளில் தெளிந்தது.

டியூப் எடுத்தவர்கள் கவனிக்க

இவர் கதையைக் கேட்டு, டியூப் எடுத்த எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று யாரும் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு முதல் ஓரிரு நாள் எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் என்ற அவசரம், சில சொட்டுக் கசிவு, முதல் தடவை லேசான ரோஜா நிறம், இவ்வளவுதான். தானாகப் போய்விடும். நான் பார்க்கச் சொல்வது அளவை. எடுத்து ஆறு மணி நேரமாகியும் ஒன்றும் போகவில்லை என்றால் சொல்லுங்கள். போகிறது, ஆனால் தடவைக்கு அரை டம்ளருக்கும் குறைவாக, மணிக்கு மணி போகிறது, அடிவயிறு கனக்கிறது என்றால் அதையும் போகவில்லை என்பதாகவே எடுத்துக்கொண்டு ஸ்கேன் கேளுங்கள். போன பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் பார்த்தால்தான் மிச்சம் சரியாகத் தெரியும். குளிர் காய்ச்சல், விலாப்பக்க வலி, ரத்தக் கட்டிகள், விதை வீக்கம் என்றால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இது ஆண்களின் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். கர்ப்பப்பை எடுத்த பிறகும், சிறுநீர்க் கசிவை நிறுத்த உள்ளே நாடா வைக்கும் அறுவைக்குப் பிறகும், பிரசவத்துக்குப் பிறகும் பெண்களுக்கு இதே மாதிரி தேங்கும். அவர்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பது இன்னும் அதிகம்.

எங்கள் வார்டில் இப்போது டியூப் எடுத்தவர்களின் ஷீட்டில் ‘யூரின் போகுது’ என்று மட்டும் எழுதுவதில்லை. முதல் மூன்று தடவை எவ்வளவு போனார், போன பிறகு எவ்வளவு மிச்சம் என்று இரண்டு எண் எழுதுகிறோம். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களிடம் அறுவைக்கு முன்பே அந்த ஏழு கேள்விகளையும் கேட்டுவிடுகிறோம். வீட்டு மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறோம், சளி மாத்திரை உட்பட.

டியூப் வேலையெல்லாம் முடிந்து ஆறு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். டியூப் இருக்கும்போதும் நீர் அடைந்த உடனேயும் பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை எடுத்தால் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால் அதுவரை தள்ளி வைத்திருந்தோம். முடிவு இயல்பாக இருந்தது. மிச்ச நீர் 45 மில்லி. ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார், மூட்டும் நன்றாக மடங்குகிறது. டாம்சுலோசின் தொடர்கிறது. கிளம்பும்போது, அடுத்த மாதம் கண்புரை அறுவை வைத்திருக்கிறார்கள் என்று போகிற போக்கில் சொன்னார். நில்லுங்கள் ஐயா என்று அந்தப் பழைய நோட்டை வாங்கி, முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: ‘டாம்சுலோசின் சாப்பிடுகிறார், கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவும்.’ அந்த மருந்து எடுப்பவர்களுக்கு அறுவையின்போது கருவிழிப் படலம் தளர்ந்து அலையும். முன்பே தெரிந்தால் மருத்துவர் தயாராக இருப்பார். அன்றே நிறுத்தினாலும் பலன் இல்லை, அதனால் நீங்களாக நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னேன். மகள் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.